மஞ்சள் கோடு சேர்ந்திருந்த நட்டு

என் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம் மூன்றும் என் முதல் வாக்குமூலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் மாற்றம் இல்லை. வயது இருபத்தாறு. இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து, பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தெருவில் என்னைப் ‘புத்தகம்’ என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும் என்று எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன்.

இது இரண்டாவது வாக்குமூலம். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாக வந்தேன். முதல் வாக்குமூலத்தில் பின் சக்கரத்து நட்டு ஒன்றைப் பற்றி நான் சொன்னதன் பேரில், எங்கள் தெரு மூலையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் இந்த நிலையத்தில் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார். அந்த நட்டைப் பற்றித்தான் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்த வரிசையிலேயே சொல்லச் சொன்னார்கள். அப்படியே சொல்கிறேன்.

சம்பந்தப்பட்ட மோட்டார் சைக்கிள் என் அக்கா வீட்டுக்காரருடையது. அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். உருண்டை விளக்கு, வளைந்த டேங்க், கம்பிச் சக்கரம் என்று பார்வைக்குப் பழைய காலத்து வண்டி போலிருக்கும், ஆனால் வாங்கிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. வாங்கிய நாள் முதல் மச்சான் அதை மேற்படி மெக்கானிக்கிடம்தான் வேலைக்கு விட்டு வந்தார். அவரைத் தெருவில் சுத்தியல் அண்ணன் என்பார்கள். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே அவர் கையில் சுத்தியல் வந்துவிடும் என்பது காரணம். கடைசியாக அவரிடம் போய் வந்தபோது, ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலை முனை மழுங்கி உருண்டு போயிருந்தது. சங்கிலி வீணைத் தந்தி போல விறைத்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, இனி இந்த வண்டியை நானே பார்க்கிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவருக்கு அரை மனதுதான். “அவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது மாப்ளே, தெனம் அந்தக் கடையத் தாண்டித்தானே போகணும்” என்றார். நான் கேட்கவில்லை.

அதன் பின் அந்த வண்டிக்கென்று கம்பெனி தன் பட்டறை ஆட்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் மேனுவலை வரவழைத்தேன். தலையணை கனம் இருக்கும். எந்த நட்டை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், திரும்ப எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. விசையை அளந்து இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. அளவை வைத்து இறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும், அதோடு நிறுத்திவிட வேண்டும். மெக்கானிக்குகள் சொல்லும் கைப்பதம், பழக்கம் இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. இன்றைக்கு இருக்கும் கை நாளைக்கு இருக்காது.

அதன் பின் ஒரு விடுமுறை நாளில் எங்கள் வீட்டு முன்பக்கத் தகரக் கொட்டகையில் மேனுவலை ஸ்டூல் மேல் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, வேலையைத் தொடங்கினேன். ஆயில் மாற்றி, வால்வு இடைவெளி பார்த்து, சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டைகளைத் தேய்த்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். பூட்டும்போது ஒவ்வொரு நட்டையும் புத்தகம் சொன்ன அளவுக்கு இறுக்கி, ‘டக்’ சத்தம் வந்ததும், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரே இழுப்பாகக் கோடு போட்டேன். எங்கள் தொழிற்சாலையில் இப்படித்தான் செய்கிறோம். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும், கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை என்று அர்த்தம். ஆய்வுப் பிரிவில் நாளெல்லாம் நான் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான்.

மதியம் சுத்தியல் அண்ணன் எங்கள் வாசல் வழியாகப் போனார். போனவர் திரும்பி வந்து கொட்டகைக்குள் தலையை நீட்டினார். ஸ்டூல் மேலிருந்த மேனுவலைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பரீட்சைக்குப் படிக்கிறியா? வண்டி பாஸா பெயிலா?” என்று கேட்டார். மச்சான் பக்கத்தில் இருந்தார், சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமலிருக்கவும் முடியாமல் துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.  அவர் விடவில்லை. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. வண்டி பேசும், காது குடுத்துக் கேக்கணும்” என்றார். அதற்கு நான், “நீங்க காது குடுத்துக் கேட்ட போல்ட்டு இதோ கெடக்குது அண்ணே, தலையே இல்லாம” என்று மழுங்கிய போல்ட்டை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. கோடுகளைக் குனிந்து பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். “யாராவது கை வெச்சா எனக்குத் தெரியறதுக்கு” என்றேன். “ஓஹோ, எங்களுக்குக் காவலா?” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பின் சக்கரத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இந்தப் பார்வையை முதல் வாக்குமூலத்தில் குறிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அவர் போன பின் மச்சானிடம் நான் சொன்னதும் இங்கே எழுதப்பட வேண்டும். முதல் வாக்குமூலத்தில் அதைச் சொல்லவில்லை, அப்போது அது முக்கியமாகத் தோன்றவில்லை. நான் சொன்னது இது: “கோடு சேந்திருக்கா, வண்டிய எடுங்க. சேரலையா, எடுக்காதீங்க. வேற எதையும் பாக்க வேண்டாம். ஆனா எவனாவது இந்தக் கோட்டத் தொட்டான்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்த வண்டிய என் வாசலுக்குக் கொண்டு வராதீங்க.” மச்சான், “சரிங்க இன்ஸ்பெக்டர்” என்று சல்யூட் அடித்தார். அக்கா உள்ளேயிருந்து, “வண்டிக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி என்னடா இவ்வளவு கட்டுப்பாடு” என்றாள்.

அதன் பின் சில நாட்கள் மச்சான் அதே வண்டியில் வேலைக்குப் போய் வந்தார். குறை எதுவும் சொல்லவில்லை. அதன் பின் சம்பவ தினத்தன்று காலை, மேம்பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தவர், முன்னால் ஒரு வேன் நின்றதால் பின் பிரேக்கை மிதித்திருக்கிறார். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, வண்டி குறுக்கே திரும்பி, அவரைச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விட்டது. தொடை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் இருந்ததால் உயிர் தப்பினார். தொழிற்சாலைக்கு அக்காவின் போன் வந்தது. நான் முதலில் மருத்துவமனைக்குப் போனேன், அவரை அறுவை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள், அதனால் மேம்பாலத்துக்குப் போனேன். மருத்துவமனையில் உட்கார்ந்திருந்து எலும்பு கூடப்போவதில்லை. அக்காவுக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

வண்டியைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பின் சக்கரத்து டிரம் பிரேக்கின் தட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாதபடி ஒரு பட்டைக் கம்பி அதை வண்டியின் சட்டத்தோடு பிடித்துவைத்திருக்கும். அதைப் பிடிகம்பி என்று சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றும்போது மட்டும்தான் அதன் நட்டைத் திறக்க வேண்டியிருக்கும். அந்தப் பிடிகம்பியின் நட்டைக் காணவில்லை. கம்பி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக் மிதித்ததும் தட்டு சுற்றி, கம்பி சுருண்டு, சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நட்டை நான் ‘டக்’ சத்தம் வரும்வரை இறுக்கிக் கோடு போட்டிருந்தேன். அது தானாகக் கழன்றிருக்க வழியில்லை.

அதன் பின் வண்டி இந்த நிலையத்து முற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு, “கடைசியா வண்டியில கை வெச்சது நீதானே?” என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் என்னைத்தான் சந்தேகப்படுகிறார் என்பது தெரிந்தது. நான் அவரை முற்றத்துக்கு அழைத்துப்போய்க் கோடுகளைக் காட்டினேன். பின் சக்கரத்தின் அச்சு நட்டில், அதாவது திறந்தால்தான் சக்கரம் கழலும் பெரிய நட்டில், என் மஞ்சள் கோடு ஒரு மயிரிழையும் விலகாமல் நேராக இருந்தது. பார்த்துவிட்டு நான் சொன்னது முதல் வாக்குமூலத்தில் உள்ளபடி: ‘அச்சு நட்டு திறக்கப்படவில்லை. ஆகவே பின் சக்கரம் கழற்றப்படவில்லை. சக்கரத்தைக் கழற்றாமல் பிடிகம்பியின் நட்டை மட்டும் ஒருவர் திறந்தால், அது பழுது பார்க்கும் வேலை இல்லை, வேண்டுமென்றே செய்தது.’ ஆய்வாளர் என்னைப் பார்த்த பார்வை அந்த நிமிடமே மாறியது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை மருத்துவமனை வராந்தாவில் அக்கா என்னிடம், இரண்டு நாள் முன்பு பேருந்தில் வந்தபோது மச்சானின் வண்டி சுத்தியல் அண்ணன் கடை வாசலில் நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள். அதைப் பற்றி மச்சானிடம் கேட்டதற்கு, சும்மா பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாராம். நான் அதை ஆய்வாளரிடம் தெரிவித்தேன். அதன் பின் மெக்கானிக் அழைத்துவரப்பட்டார். நானும் அப்போது இருந்தேன். “அந்த வண்டிய நான் தொடவே இல்ல சார், அதுக்குத்தான் புத்தகம் இருக்கே” என்றார். அக்கா பார்த்ததைச் சொன்னதும் வாயைத் துடைத்துக்கொண்டார். பின், மச்சான்தான் பஞ்சர் ஒட்டக் கொண்டுவந்தார், சக்கரத்தைக் கழற்றி ஒட்டி மாட்டிக் கொடுத்தேன் என்றார். முதலில் ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்டதற்குத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அன்று எனக்கு நன்றாகவே தெரிந்த மாதிரி இருந்தது.

“சக்கரத்தைக் கழட்டினா அச்சு நட்டைத் திறக்காம எப்படி அண்ணே கழட்டினீங்க? மந்திரம் போட்டா?” என்று நான் கேட்டேன். “திறந்தேன்டா” என்றார். கோடு நகரவில்லையே என்றேன். அவர் எதையோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின் ஆய்வாளரிடம், “டயரக் கழட்டிப் பாருங்க சார், டியூபில புது ஒட்டு இருக்கும்” என்றார். அதற்கு நான், “ஒட்டு எப்ப போட்டதுன்னு டியூப் சொல்லாது சார், போன மாசம்கூட இவருதான் ஒட்டினாரு” என்றேன். யாரும் டயரைக் கழற்றிப் பார்க்கவில்லை. அவர் அன்றிரவு வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

இதுவரை சொன்னவை முதல் வாக்குமூலத்தோடு ஒத்துப்போகும். இதற்குப் பின் நடந்தது புதியது.

மச்சான் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் பார்க்கப் போனேன். கால் முழுக்கக் கட்டு, எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உதடு காய்ந்திருந்தது. அக்கா கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கோடு பாத்தியா மாப்ளே? சரியா சேந்திருந்துச்சா?” என்பதுதான்.

எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. தொடை எலும்பு முறிந்து கிடக்கிறவர் எதற்குக் கோட்டைக் கேட்கிறார்? வண்டி எப்படி இருக்கிறது, பிரேக் ஏன் பூட்டியது, யார் மேல் புகார் என்று எதையும் கேட்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றேன். “சும்மாதான்” என்று சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிவந்தது. அந்த நேரத்தில் நான் மச்சானையே சந்தேகப்பட்டேன். காப்பீடு, கடன், வேறு ஏதாவது என்று என்னென்னவோ மனதில் ஓடியது. படுக்கையில் கிடக்கிறவரிடம் கேட்கக் கூடாது என்று அக்கா கண்ணைக் காட்டியதால் வெளியே வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். கோடு சேர்ந்திருந்ததா என்று யார் கேட்பார்? சேர்த்து வைக்கச் சொன்னவர்தான் கேட்பார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அன்று முற்றத்தில் அச்சு நட்டை நான் கண்ணால் பார்த்தேனே தவிர, அதன் மேல் ஸ்பானர் வைக்கவே இல்லை. தொழிற்சாலையில் கோடு சேர்ந்திருந்தால் அடுத்த நட்டுக்குப் போய்விடுவோம். அங்கே இடையில் எவரும் கழற்றி மாட்டுவதில்லை. தெருவில் அப்படி இல்லை.

இன்று காலை டார்க் ரெஞ்சையும் மேனுவலையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். வண்டியில் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று சொன்னேன். சாட்சிப் பொருளில் கை வைக்க முடியாது என்று எழுத்தர் சொன்னார். அவரோடு கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அதன் பின் ஆய்வாளர் அனுமதித்து, தானும் கூட வந்தார். எழுத்தரும் வந்தார். முதலில் அச்சு நட்டின் கோடு நேராக இருப்பதை இருவருக்கும் காட்டினேன். மேனுவலில் அந்த நட்டுக்குச் சொல்லியிருக்கும் அளவைக் காட்டி, ரெஞ்சில் அதை வைத்தேன். நட்டு இறுக்கமாக இருந்திருந்தால், ரெஞ்ச் இழுத்த இடத்திலேயே ‘டக்’ என்றிருக்க வேண்டும், நட்டு அசைந்திருக்கக் கூடாது.

நட்டு திரும்பியது. கோடு உடைந்து, மேல் பாதி விலகிப் போனது. இன்னும் இழுத்தேன். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று போய்க்கொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு முழுச் சுற்று போய், விலகின பாதி திரும்ப வந்து மறு பாதியோடு சேர்ந்து கோடு நேரான இடத்தில் ‘டக்’ என்றது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். எழுத்தர், “அட, பழைய இடத்துக்கே வந்துருச்சே” என்றார்.

இதை விளக்கச் சொன்னதால் சொல்கிறேன். நட்டு சுற்றுகிற பொருள். நான் போட்ட கோடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சேரும். சரியான இறுக்கத்திலும் சேரும், அதற்கு ஒரு சுற்று முன்னாலும் சேரும். இந்த அச்சு நட்டின் உள்ளே நைலான் வளையம் இருப்பதால், இறுகுவதற்கு முன்பே பிடிப்பாக இருப்பது போலக் கைக்குத் தெரியும். ஒரு சுற்று குறைவாக நின்றாலும் அந்த வளையம் அதைக் கழலவிடாது, கோடு அப்படியே நேராக நிற்கும். பிடிகம்பியின் நட்டில் அந்த வளையம் இல்லை, ஸ்பிரிங் வாஷர் மட்டும்தான். அதுவும் இதே போல ஒரு சுற்று குறைவாக, கோடு மட்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தால், இரண்டு நாள் குலுக்கலில் கழன்று விழுந்திருக்கும். நட்டு கிடைக்காததால் அதை நிரூபிக்க முடியாது. அச்சு நட்டைப் பார்த்த பின் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆய்வாளர் குனிந்து கோட்டை ஒரு தரம் பார்த்தார். பின், “ஒட்டு எப்பப் போட்டதுன்னு டியூப் சொல்லாதுன்னு சொன்னியே தம்பி. நட்டு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு கோடு சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாது என்றேன்.

அதன் பின் மெக்கானிக் முற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். சட்டையின் மேல் பித்தான் இல்லை, முகம் மழிக்காமல் இருந்தது. ரெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவரிடம், சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டை எதுவரை இறுக்கினீர்கள் என்று கேட்டேன். “கோடு சேர்ற வரைக்கும்” என்றார். ஏன் அதோடு நிறுத்தினீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறேன்:

“என் கை கேக்கல தம்பி. இன்னும் ஒரு இழுப்பு இழுக்கணும்னுதான் வந்துச்சு. இழுத்துப் பாத்தேன், கோடு தாண்டிப் போச்சு. உன் மச்சான் பதறிட்டாரு. ஐயோ அண்ணே, அவன் பாத்தா என்னக் கொன்னே போட்ருவான், கோட்டுக்கே கொண்டாந்து வெச்சிடுங்க, அதுதான் சரியான எடம்னு அவனே சொல்லியிருக்கான்னு கும்பிட்டாரு. படிச்ச புள்ள அளந்து போட்ட கோடாச்சே, நமக்கு எதுக்கு வம்புன்னு திருப்பிக் கொண்டாந்து வெச்சேன். பிரேக்குக் கம்பியோட சின்ன நட்டும் அப்படித்தான்.”

முதலில் வண்டியைத் தொடவே இல்லை என்று ஏன் பொய் சொன்னார் என்று ஆய்வாளர் கேட்டார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் சார். மனுசன் ஆபரேசன் தியேட்டர்ல கெடக்காரு. அப்ப போயி அவரு மேல பழிய எப்படிப் போடறது?” என்றார். அதன் பின் என்னைப் பார்த்து, “மாட்டினதும் அவரு போன்ல போட்டோகூடப் புடிச்சாரு தம்பி, கோடு அச்சு அசலா இருக்குன்னு. எனக்கும் ஒரு திருப்திதான், அடேய், புத்தகத்தையே ஏமாத்திட்டோம்னு” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அதன் பின் ஆய்வாளர் உத்தரவின்படி டயர் கழற்றப்பட்டது. டியூபில் புது ஒட்டு இருந்தது. அதன் ஓரத்தில் தேய்த்த இடம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. ஆணி குத்திய துளை டயரிலும் அதே இடத்தில் இருந்தது. இதை அன்றே பார்த்திருக்கலாம்.

அதன் பின் நான் மருத்துவமனைக்குப் போய் மச்சானிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். மூலைக்கடைக்குப் பக்கத்திலேயே ஆணி ஏறிவிட்டது, நானோ தொழிற்சாலையில் இருந்தேன், மறுநாள் வேலைக்குப் போக வண்டி வேண்டியிருந்தது, அதனால் அங்கேயே ஒட்டிக்கொண்டார். மாட்டின பின் வண்டி பின்பக்கம் லேசாக ஆடுவது போல இருந்ததாகவும் சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா சக்கரத்த யாரு கழட்டினதுன்னு கேப்ப. தெனமும் காலையில குனிஞ்சு பெரிய நட்டுல கோட்டப் பாப்பேன் மாப்ளே. சேந்துதான் இருந்துச்சு. நீ வேற எதையும் பாக்க வேண்டாம்னு சொன்னியே” என்றார். போனில் இருந்த படத்தையும் காட்டினார். படத்தில் கோடு நேராகத்தான் இருக்கிறது.

அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “ஏன்டா, அவரு வண்டிக்கு ஒரு பஞ்சர் ஒட்ட, அவரு உங்கிட்ட ஒளிஞ்சு போகணுமா?” என்றாள். நான் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துவிட்டேன்.

ஆய்வாளர் கேட்ட கேள்விகளுக்குப் பதில். மெக்கானிக்குக்கும் எனக்கும் முன்விரோதம் உண்டா? வாய்ச் சண்டை உண்டு, அதில் பாதிக்கு மேல் நான் இழுத்தது. அவர் வேண்டுமென்றே நட்டைத் தளர்த்தினாரா? இல்லை. அவர் வேலை முறை சரியா? சரியில்லை, டியூப் ஒட்டியதைத் தவிர. அதை அவரிடமே சொல்வேன், இங்கே அதற்காக அவரை வைத்திருக்க வேண்டாம். முதல் வாக்குமூலத்தில் ‘அச்சு நட்டு திறக்கப்படவில்லை’ என்று நான் சொன்னதும், அதிலிருந்து ‘வேண்டுமென்றே செய்தது’ என்று சொன்னதும் தவறு. இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதனால் என் மேல் நடவடிக்கை வருமா என்று கேட்டேன். அது பிறகு பார்க்கப்படும் என்று ஆய்வாளர் சொன்னார். வந்தால் வரட்டும்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். மெக்கானிக் சொன்னதற்குக் கீழே, சுருக்கமாக அவர் தம் கையால் சேர்த்திருந்த வரியில், ‘மேற்படி நபர் கவனக்குறைவாகக் கோடு சேரும்வரை மட்டும் நட்டை இறுக்கினார்’ என்று இருந்தது. அதில் ‘கவனக்குறைவாக’ என்ற சொல்லை அடித்து, அதன் மேல் ‘நான் சொன்னபடி’ என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் அது உனக்குப் பாதகமாகும் என்று எழுத்தர் சொன்னார். எழுதுங்கள் என்றேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்ற எல்லா வரியும் நான் சொன்னவை, நடந்தவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்)